புஷ்பலதா என்று நான் எழுதிய பிள்ளை

ஆனி மாதத்தில் தூத்துக்குடியில் எழுத்து வேலை பார்ப்பது ஒரு தண்டனை. மேற்கேயிருந்து வரும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து மைக்கூட்டில் போடும், சோற்றில் போடும், கண்ணில் போடும். மேஜையில் ஒரு காகிதம் நிற்காது. அதற்காகவே சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் கழித்துப்போட்ட புழு அரித்த சங்குகள் பத்துப் பன்னிரண்டை எடுத்து வந்து, ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும் ஒன்றை வைத்திருந்தேன்.

அப்படியொரு காலையில், கம்பிவலை போட்ட என் ஜன்னலின் அடித் திறப்பு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கையில் இரண்டு காகிதங்கள். பறந்துவிடாதபடி விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தது அந்தக் கை.

"சார், இதுல இருக்க ரெண்டு பேரும் நான்தான்னு ஒரு லெட்டர் வேணும்."

குனிந்து பார்த்தேன். புஷ்பலதா. வேம்பார்க்காரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய எங்கள் பெண்கள் பள்ளி ஹாஸ்டலில் ஆறு வருஷம் இருந்து, அந்த வருஷம்தான் பதினோராம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்திருந்தாள். நான் அந்தப் பள்ளியில் ரைட்டர். பிள்ளைகளைப் பதிவேட்டில் சேர்ப்பதும், முடித்துப் போகும்போது சர்டிபிகேட் எழுதிக் கொடுப்பதும் என் வேலை.

அவள் நீட்டிய முதல் காகிதம் பள்ளி கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அதில் என் கையெழுத்தில், எஸ். புஷ்பலதா. இரண்டாவது வேம்பார் கோயிலில் கொடுத்த ஞானஸ்நான சர்டிபிகேட். அதில் மரிய போதும்பொண்ணு. அப்பா பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, ஊர் ஒன்று. பிள்ளை பெயர் மட்டும் வேறு.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு காகிதத்தையும் பார்த்த ஆபீஸ்காரர் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"ரெட்டப் பிள்ளையில ஒண்ணு படிச்சிருக்கும், மத்தது அது புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்திருக்கும்னு சொல்லுதாவ சார். வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள லெட்டர் கொண்டாரலைன்னா, எடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துருவாவளாம்."

அன்று புதன்கிழமை. அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்தப் புஷ்பலதா என்ற பெயரை அவளுக்கு அவளுடைய அப்பா அம்மா வைக்கவில்லை. கோயிலில் வைக்கவில்லை. நான் வைத்தேன்.

போன வாரம் இதே பத்தியில் பழைய துறைமுகத்து டீக்கடைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'டி. ராஜா என்று போடுகிறீரே, அந்த டி என்ன' என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, அதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

பேனா என் கையில் இருந்தது

அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஒரு ஜூன் மாதம். ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தவர்கள் வராந்தா முழுக்க வரிசையாக நின்றார்கள். எனக்கு இருபத்துநாலு வயது. வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் எழுதினால்தான் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆகும் என்ற நினைப்பே தலைக்கு ஏறியிருந்த காலம்.

வரிசையில் ஒருவர் வந்து நின்றார். இடுப்பில் வெள்ளைச் சாரம், கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை. சரக்குத் தோணி ஒன்றில் தண்டல், அதாவது தோணியை நடத்திக்கொண்டு போகிறவர். பெயர் சூசை. கருவாடு, வெங்காயம், ஓடு எல்லாம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருகிறவர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றது.

"பிள்ளை பேரு?"

"போதும்பொண்ணு."

தோணியில் பாய் இறக்கச் சொல்லிக் கத்திப் பழகிய குரல். வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்டது. வரிசையில் நின்ற தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. தண்டலும் சேர்ந்து சிரித்தார்.

"இது அஞ்சாவது சார். மூத்தது நாலும் பொண்ணு. இதோட போதும் சாமின்னு சேசுகிட்ட சொல்லியாச்சு. அவரும் கேட்டுக்கிட்டாரு. அதுக்குப் பொறவு ஒண்ணும் இல்ல."

அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கால் பெருவிரலால் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது என்னை என்னவோ செய்தது. பதிவேடு இங்கிலீஷில் எழுதுவது. தண்டலுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். பேனா என் கையில் இருந்தது. புஷ்பலதா என்று எழுதினேன்.

"எழுதியாச்சா சார்?"

"எழுதியாச்சு அண்ணாச்சி."

அவர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்: "இங்க உன் பேரு புஷ்பலதா. டீச்சர் கூப்பிட்டா எந்திரிச்சு நிக்கணும், என்ன?"

முதலில் புரியாமல் பார்த்தது. பிறகு அதன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டவன் மாதிரி அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

அதன் பிறகு எனக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. குப்பம்மாள் என்று வந்தவளைக் கோமளா ஆக்கினேன். பிச்சையம்மாளைப் பிரேமா ஆக்கினேன். எல்லாம் சேர்த்து ஏழு பிள்ளைகள். ஒருத்தரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. பெயர் மாறினால் பிள்ளையின் தலையெழுத்தும் மாறும் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

ஒரே தெருவில் ஆறு அந்தோணி

பெயர் விஷயத்தில் இந்தக் கடற்கரை ஒரு தனி உலகம். கடலோர ஊர்களில் கோயிலில் வைக்கிற பெயர்கள் மொத்தம் ஒரு இருபது இருக்கும். அந்தோணி, சவேரி, சூசை, மிக்கேல், இஞ்ஞாசி. எனக்குத் தெரிந்த ஒரு தெருவில் ஆறு அந்தோணிகள் இருந்தார்கள். கோணக்கால் அந்தோணி, கப்பல் அந்தோணி, ஊமை அந்தோணி என்று ஆளுக்கொரு அடைமொழி. இதில் ஊமை அந்தோணிதான் ஊரிலேயே அதிகம் பேசுகிறவர். சின்ன வயதில் நாலு வயது வரை பேச்சு வராமல் இருந்ததாம். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பட்டப்பெயரைச் சேர்த்தே அச்சடிப்பார்கள். இல்லையென்றால் எந்த அந்தோணி வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் ஜனங்கள் வேறு வீட்டில் போய் உட்கார்ந்துவிடும். அச்சாபீஸ்காரர் ஒரு முறை மரியாதைக்குறைவு என்று அதை எடுத்துவிட்டுப் பட்ட பாட்டை எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் கல் ஏற்றும் லாரி டிரைவர் ஒருவர், பிறந்த பையனுக்கு ஹார்பர்ராஜ் என்று பெயர் வைத்தார். துறைமுகம் முடிந்து கப்பல் வந்த பிறகும் அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கவில்லை என்று வாத்தியார்கள் கிண்டல் செய்வார்கள். எங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன் பெயர் தைரியநாதன். நாய் குரைத்தால் கேட்டுக்கு உள்பக்கம் வந்துவிடுவார். இந்தத் தைரியநாதனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விளாத்திகுளம் வாசகருக்கு.

நான் கடற்கரைக்காரன் இல்லை. தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர். எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக நான் பிறந்ததும், பக்கத்து வீட்டு அம்மாளிடம் என்னைக் கொடுத்து ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டார்கள். தவிட்டுக்கு விற்ற பிள்ளை என்றால் எமன் அதைச் சீந்த மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் என் பெயர் தவிட்டுராஜா.

பள்ளிக்கூடத்தில் என்னை ராஜா என்று யாரும் கூப்பிடவில்லை. முன்பாதியை மட்டும்தான் கூப்பிட்டார்கள். மாடு கத்துகிற மாதிரி வேறு சத்தம் போடுவார்கள். வேலைக்கு வந்ததும் முன்பாதியை ஓர் இங்கிலீஷ் எழுத்தாகச் சுருக்கிவிட்டேன். எல்லாரும் அது அப்பா பெயரின் முதலெழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள். என் அப்பா பெயர் சுப்பையா.

என் கைக்கு வந்த பேனாவால் எல்லாப் பிள்ளைகளையும் நான் காப்பாற்றப் புறப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

வேம்பார் பஸ்

புஷ்பலதாவிடம் "பாத்துக்கிடலாம், கவலைப்படாத" என்று சொல்லி ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அது அவ்வளவு லேசில்லை. அவள் கேட்ட கடிதத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் மதர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எப்படி இரண்டு பெயர் வந்தது என்று மதர் கேட்பார். பதிவேட்டில் ஒரு தேதியைச் சுரண்டி எழுதியதற்காக எனக்கு முன்னால் இருந்த ரைட்டரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. பள்ளிப் பதிவேட்டை ஏன் தொட வேண்டும்? கோயில் சர்டிபிகேட்டில் புஷ்பலதா என்று வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது. வயிற்றுவலி என்று அரைநாள் லீவு எழுதிவிட்டு வேம்பார் பஸ்ஸில் ஏறினேன். ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் பனை. ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் மண்.

வேம்பார்ப் பங்குச் சாமியார் வயதானவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எழுந்து போய்ப் பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து, பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். மரிய போதும்பொண்ணு.

"வாசிச்சீரா?"

"வாசிச்சேன் சாமி. இதுக்குப் பதிலா புஷ்பலதான்னு ஒரு சர்டிபிகேட் தந்தா, அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை கிடைக்கும்."

"இந்தப் பேருக்குத்தான் இந்தக் கோயில்ல தண்ணி ஊத்தியிருக்கு. புஷ்பலதாங்கவளுக்கு இங்கன யாரும் தண்ணி ஊத்தலையே." புத்தகத்தை மூடிவிட்டார். "தப்பு உம்ம புஸ்தகத்துல. அதத் திருத்தாம எங்க புஸ்தகத்தத் திருத்த வந்திருக்கீரு."

நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை கூடவே வந்தவர், தெருவின் கோடியில் ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினார்.

"அதுதான் சூசைத் தண்டல் வீடு. தோணி போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. செத்தவங்களுக்கு வைக்கிற ஆத்தும பூசை இன்னும் வைக்க விடல அந்தப் பொம்பள. நானும் மூணு தரம் கேட்டுப் பாத்துட்டேன். ஆளு வந்துருவாவ சாமி, வந்துட்டு எனக்கா பூச வச்சிய அப்படின்னு கேட்டா நான் என்ன சொல்லன்னு கேக்கா."

தண்டல் காணாமல் போன செய்தி எனக்கு முன்பே தெரியும். முந்தின வருஷம் மாசி மாதம் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. செய்தி வந்த அன்று ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னார்கள். நானும் வருத்தப்பட்டேன். ஆனால் அந்த வீட்டின் கொடியில் சிவப்புச் சேலை ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், அந்த வீட்டில் அவர் இன்னும் சாகவில்லை என்பது எனக்கு உறைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வயிறு நிஜமாகவே வலித்தது.

மதர் பெர்னார்டு

எங்கள் மதர் பெயரும் வேடிக்கையானதுதான். மடத்தில் சேரும்போது பழைய பெயரை விட்டுவிட்டு ஒரு புனிதரின் பெயரை எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். இவருக்கு விழுந்தது ஓர் ஆம்பிளைப் புனிதரின் பெயர். கல்வி ஆபீசிலிருந்து வரும் கடிதங்கள் பாதிக்கு மேல் 'திரு. பெர்னார்டு அவர்களுக்கு' என்றுதான் வரும். மதர் அதற்காகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"ஏழு, மதர்."

"ஒரு பிள்ளைகிட்டயாவது கேட்டீங்களா, மிஸ்டர் ராஜா?"

"இல்ல, மதர். நல்ல பேருதானேன்னு..."

"அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்க."

அவள் வந்து நின்றாள். மதர் அவளிடம் நிதானமாகச் சொன்னார். இரண்டு வழி இருக்கிறது. புஷ்பலதா என்ற பெயரே இனி அவள் பெயர் என்று எழுதி, வீட்டில் வைத்த பெயரை விட்டுவிட்டதாகக் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். இல்லையென்றால், பள்ளியில் எழுதியது தவறு என்று சொல்லி, பதிவேட்டில் அடித்து, பழைய பெயரை எழுதலாம். எப்படி எழுதினாலும் பாளையங்கோட்டையில் ஏற்றுக்கொள்வார்கள்.

"உனக்கு எந்தப் பேர் வேணும்?"

எனக்குச் சந்தேகமே இல்லை. சிமெண்டைச் சுரண்டிய அந்தக் கால் விரல் எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் வழிக்கு வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

"போதும்பொண்ணு, மதர்."

மதர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா," என்றேன். "நாளைக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"தெரியும் சார். நீங்க எழுதுன பேரு எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அப்பாட்ட மட்டும் நான் சொல்லவே இல்ல. அம்மாவுக்குத் தெரியும், அக்காமாருக்குத் தெரியும். அப்பா சங்கடப்படுவாவன்னு யாரும் சொல்லல."

பிறகு பாடம் ஒப்பிக்கிற மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போன வருசம் மாசியில அப்பா இங்க வந்தாவ மதர். மறுநா தோணி எடுக்கணும். விசிட்டர் நாள்னா நானே கேட்டுக்கு வந்து நிப்பேன், அன்னைக்கு விசிட்டர் நாள் இல்ல. கேட்டுல வாட்ச்மேன்ட்ட, போதும்பொண்ணப் பாக்கணும்னு கேட்டிருக்காவ. வாட்ச்மேன் புதுசு. அப்படி ஒரு பிள்ள இங்க இல்லன்னு சொல்லிட்டாரு. நல்லாப் பாத்துச் சொல்லுங்கன்னு அப்பா ரெண்டு தரம் கேட்டாவளாம். அவரு பேரு லிஸ்ட எடுத்துக் காட்டிருக்காரு. அப்பாவுக்கு அதுல என்ன தெரியும்? எனக்குன்னு கொழும்பு சோப்பு ஒண்ணு கொண்டாந்திருக்காவ. அத பஸ்ல வேம்பாருக்குப் போற ஆளுகிட்ட குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டுத் தோணிக்குப் போயிட்டாவ."

மதர் மேஜையில் இருந்த கையை எடுக்கவில்லை.

"சாயங்காலம் வாட்ச்மேன் பிள்ளைகள்ட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. போதும்பொண்ணாம்லா, இப்படியும் ஒரு பேரான்னு. நானும் அங்கதான் நின்னேன். அது நான்தான்னு நான் சொல்லல மதர். வெக்கமா இருந்துச்சு. அப்ப ஓடியிருந்தாக்கூட துறைமுகத்துல பாத்திருப்பேன். தோணி மறுநா காலையிலதான் போச்சு."

பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தைரியநாதன் மேல் குற்றமில்லை. அவரிடம் இருந்த லிஸ்ட் நான் எழுதியது.

"அப்பா வருவாவ மதர்," என்றாள் அவள். "எங்க படிக்கேன்னு அம்மாட்டக் கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வருவாவ. போதும்பொண்ணு இருக்காளான்னு கேப்பாவ. அங்கனயும் இல்லன்னு சொல்லக்கூடாதுல்லா."

மதர் கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் கைப்பகுதியால் துடைத்தார். அதை மாட்டிக்கொள்ளாமலே பேசினார்.

"நான் மடத்துல சேர்ந்த பிறகும் எங்க அம்மா பெர்னார்டுன்னு ஒரு நாள் கூப்பிட்டதில்லை. வாசல்ல வந்து, செல்லம்மாவைப் பார்க்கணும்னுதான் கேப்பாங்க. வாசல்ல இருந்த சிஸ்டர் தெரிஞ்சு வச்சிருந்து என்னைக் கூப்பிட்டு விடுவாங்க." என் பக்கம் திரும்பினார். "இந்த வாசல்ல அப்படித் தெரிஞ்சு வச்சிருக்க ஆள் இல்லாம போனது என் தப்பும்தான், மிஸ்டர் ராஜா. எழுதுங்க."

முழுப் பெயர்

பதிவேட்டில் புஷ்பலதாவைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்தேன். மேலே மரிய போதும்பொண்ணு என்று எழுதினேன். ஓரத்தில் மதர் கையெழுத்துப் போட்டார். பாளையங்கோட்டைக்கு அவர் பெயரில் ஒரு கடிதம். அதோடு, பெற்றோர் சொன்ன பெயரை எழுதாமல் என் இஷ்டத்துக்கு வேறு பெயர் எழுதியது நான்தான் என்று என் கையால் ஒரு வாக்குமூலம்.

கீழே டி. ராஜா என்று கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மதர் அதைத் திருப்பி என் பக்கமே நகர்த்தினார்.

"முழுப் பேர்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதியது. அதற்குப் பிறகு எங்கும் எழுதியதில்லை. தவிட்டுராஜா என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. கையில் பழக்கம் இல்லை.

போதும்பொண்ணு எட்டிப் பார்த்தாள்.

"உங்க பேரா சார் இது?"

"ஆமா."

"யாரு வச்சா?"

"எங்கம்மா." ஏன் வைத்தார்கள் என்பதையும் சொன்னேன். மூன்று பிள்ளைகள் போனது, ஒரு படி தவிடு, எல்லாவற்றையும். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சாகாம இருக்கணும்னுதான வச்சிருக்காவ. பொறவு ஏன் சார் மாத்துனிய?"

வாக்குமூலத்தை மடித்துக் கவரில் போட்டேன்.

மதர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் இரண்டு தண்டனை கொடுத்தார். வெள்ளிக்கிழமை நானே பாளையங்கோட்டைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். மற்ற ஆறு பிள்ளைகளின் வீட்டுக்கும் நானே போய், உண்மையைச் சொல்லி, எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். போனேன். நாலு பேர் நான் வைத்த பெயரே இருக்கட்டும் என்றார்கள். ஒருத்தி பழைய பெயரைக் கேட்டாள். இன்னொரு வீட்டில், பிள்ளையின் அப்பா என்னை வாசலில் நிற்க வைத்து முக்கால் மணி நேரம் திட்டினார். திட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

பாளையங்கோட்டையில் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடிதத்தைக் கொடுத்தோம். ஆபீஸ்காரர் படித்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. உள்ளே முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஹாலின் வாசலில் நின்று, வேண்டுமென்றே சத்தமாகக் கூப்பிட்டார்.

"போதும்பொண்ணு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் எழுந்து நின்றாள். தரையைப் பார்க்கவில்லை.

ஆண்கள் வார்டு

அதன் பிறகு நாலு வருஷம் போயிருக்கும். எனக்குக் குடல்வால் ஆபரேஷன். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் கிடந்தேன். காலையில் வெள்ளை உடுப்போடு கட்டில் கட்டிலாக வந்த நர்ஸ், என் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பேர முழுசா எழுதிருக்கிய சார்."

"கேட்டாங்க, சொன்னேன்," என்றேன்.

சிரித்தாள். காய்ச்சல் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். இருக்காவ சார், என்றாள். இன்னும் கலர்ச் சேலைதானா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அப்பாவைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அடுத்த கட்டிலில் முந்தின நாள் மத்தியானம் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து தூக்கி வந்தவர். தாடி. வெயிலில் கறுத்துச் சுருங்கிய முகம். எந்த ஊர், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவராலும் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அவரிடம் போனாள். முதலில் தெர்மாமீட்டரை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தோணியில் கூப்பிடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"என் பேரு போதும்பொண்ணு. வேம்பாரு. சூசைத் தண்டல் மவ."

வார்டில் யாரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மறுபக்கத்துக் கட்டில்காரர் இரண்டு மாதமாக அங்கே கிடப்பவர். கடல்பக்கமிருந்து யார் வந்தாலும் சிஸ்டர் முதலில் இதைத்தான் சொல்லும், என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பெரியவர் விட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார். அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு அவர் கையை எடுத்து நாடி பார்த்தாள்.